ஆச்சி வீடு குழு: கிரீடம் யாரிடம்?

முருகேசன்: காப்புக் கட்ட இன்னும் 12 நாள்தான். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு இந்த வருடம் எனக்குக் காளி வேஷம். அப்பாவின் கிரீடம் யாரிடம் இருக்கிறது?

செல்வி: என்னிடம் இல்லை.

சுடலை: பாகம் பிரித்த அன்றே எழுதி வைக்கச் சொன்னேன்.

முருகேசன்: மாமா, அது இப்போது வேண்டாமே.

பார்வதி: என் பரணில்தான் கிடக்கிறது. தகரம் முழுக்கத் துரு. அண்ணனுக்கு அதனால்தான் நெற்றியில் மூன்று தையல்.

கார்த்தி: அத்தான், தகரமே வேண்டாம். ஃபோமில் செய்து தருகிறேன். சூலமும் அதிலேயே. இரும்பில் சூலம், வாள் எடுத்து வரக் கூடாது என்று போலீஸ் வேறு சொல்கிறதே.

சுடலை: தெர்மாக்கோலா?

கார்த்தி: இல்லை அப்பா, ஈவிஏ ஃபோம், ரப்பர் மாதிரி வளையும் ஷீட். அத்தான் தலையில் பிளாஸ்டிக் பேப்பர் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு போட்டு வெட்டி எடுத்தால் அளவு அப்படியே கிடைத்துவிடும். பாதி வரைந்தால் போதும், திருப்பிப் போட்டால் மறுபாதி. கிரீடத்துக்கு 5 மி.மீ., பூ வேலைக்கு 2 மி.மீ. சூடான காற்று அடிக்கிற ஹீட் கன் காட்டினால் இளகும். வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் அப்படியே நிற்கும். பசையை இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதத்தில் அமுக்க வேண்டும். சேர்த்துவிட்டால் பிரிக்கவே முடியாது. அப்புறம் ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மூன்று முறை பூச வேண்டும். அது காய்ந்த பிறகுதான் தங்கக் கலர், இல்லையென்றால் ஃபோம் பெயின்ட்டைக் குடித்துவிடும்.

செல்வி: பிரிக்கவே முடியாதா? நம் குடும்பத்துக்கும் ஒரு டின் வாங்கி வா.

சுடலை: என்ன பசை?

கார்த்தி: செருப்புத் தைக்கிற கடையில் ஒட்டுவார்களே, அதுதான்.

சுடலை: அதை ஒருமுறை தெர்மாக்கோலில் தடவினேன். கரைந்து குழியாகிவிட்டது.

ராணி: ஈவிஏ செருப்புக்கு அடியில் வருவதாயிற்றே? என் செருப்பு டப்பாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

பார்வதி: விரதம் இருந்து செருப்பைத் தலையில் வைப்பதா? முத்தாரம்மா!

கார்த்தி: புது ஷீட் அத்தை. யாரும் காலில் போடவில்லை.

செல்வி: அத்தை, அப்பா கிரீடத்தை எதில் வெட்டினார்? டால்டா டின். உள்ளே பார்த்தால் இன்னும் பனைமரம் தெரியும்.

பார்வதி: டால்டா சாப்பிடுகிற பொருள்.

ராணி: வேனுக்கு ஆளுக்கு எவ்வளவு?

சுடலை: போன வருடப் பாக்கியே இருவர் தரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன்.

செல்வி: சொல்லுங்கள் மாமா.

முருகேசன்: கார்த்தி, சூலமும் காளிக்கு வைக்கிற கூடுதல் கைகளும் நீ செய். கிரீடம்... பார்ப்போம். அத்தை, ஞாயிறு வந்து பரணில் பார்க்கட்டுமா?

பார்வதி: ஞாயிறு நான் ஊரில் இல்லை. சாவி செல்வியிடம்.

செல்வி: என்னிடம் எந்தச் சாவியும் இல்லை.

கார்த்தி: அத்தான், தீச்சட்டிக்காரர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஃபோம் பற்றிக்கொள்ளும். தலைச் சுற்றளவு அனுப்புங்கள், எதற்கும் இருக்கட்டும்.

முருகேசன்: 23 அங்குலம். அத்தைக்குச் சொல்லாதே.

ராணி: இது குடும்பக் குழு அண்ணா.