ஹிஸ்பானிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பசடேனாவில் இருக்கும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை பார்த்த, இப்போதும் பார்க்கிற ஹிஸ்பானிக் (ஸ்பானியப் பண்பாட்டு வழிவந்த) பொறியாளர்களைப் பற்றி ஒரு சிறுவர் இதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை கொண்டாடும் ஹிஸ்பானிக் ஹெரிட்டேஜ் மாதத்தை ஒட்டி வரவேண்டிய கட்டுரை. இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘ஸ்பானியர்’ என்றால் எல்லாரும் ஸ்பெயின்காரர் ஆகிவிடுகிறார்கள். ‘ஸ்பானிய வம்சாவளியினர்’ என்று போடலாமா? ‘இந்திய வம்சாவளி’ என்று நாளிதழ்களில் படித்துப் பழகியவர்களுக்கு உடனே புரியும் என்று நினைக்கிறேன்.

*

> ‘ஸ்பானிய வம்சாவளியினர்’ என்று போடலாமா?

வேண்டாம் ஐயா. புரியும், ஆனால் தப்பாகப் புரியும்.

இந்திய வம்சாவளி என்றால் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். அந்தக் கணக்கில் ஃபிராங்க்ளின் சாங் டியாஸை எங்கே வைப்பீர்கள்? 1950-இல் கோஸ்டாரிகாவில் பிறந்தவர். 7 முறை விண்வெளிக்குப் போனவர். பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவை, காந்தப்புலத்தால் அடக்கிப் பின்னால் பீய்ச்சி உந்தும் வாசிமிர் என்ற எஞ்சினுக்காக, நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் ஓர் ஆய்வகத்தையே நடத்தியவர். பெயரில் இருக்கிற ‘சாங்’ சொல்வதுபோலத் தந்தை வழியில் சீன மரபு. ஆனாலும் அவர் ஹிஸ்பானிக்தான். 1997-இல் அமெரிக்க அரசு வகுத்த வரையறை அப்படி: கியூபா, மெக்சிகோ, புவெர்ட்டோ ரிக்கோ, தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா அல்லது வேறு ஸ்பானியப் பண்பாட்டிலிருந்து வந்தவர், இனம் எதுவானாலும் சரி. அந்தக் கடைசித் துண்டுதான் நம் வம்சாவளியைத் தள்ளிவிடுகிறது.

அப்போது ‘ஸ்பானிய மொழி பேசுவோர்’ என்றால்? அதுவும் நிற்காது. எல்லன் ஒச்சோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்டியா தேசிய ஆய்வகத்திலும் பிறகு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்திலும் ஒளியியல் பொறியாளர். படங்களில் உள்ள குறைகளைக் கண்டுபிடிப்பது, பொருள்களை அடையாளம் காண்பது, இரைச்சலை நீக்குவது என்று 3 காப்புரிமைகளில் அவர் பெயர் இருக்கிறது. 1993-இல் டிஸ்கவரி ஓடத்தில் ஏறி, விண்வெளிக்குச் சென்ற முதல் ஹிஸ்பானிக் பெண் ஆனார். பின்னாளில் ஜான்சன் மையத்துக்கே இயக்குநர். ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் பிள்ளைகளிடம் ஆங்கிலம்தான் பேசினார்கள். ஸ்பானிஷ் பேசினால் பிள்ளைகளை ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று மெக்சிகோ வழிவந்த தந்தைக்குக் கவலை. புலம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

‘லத்தீன் அமெரிக்கர்’ என்று நிலத்தை வைத்துப் பெயரிடலாம் என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது வேறு சொல், லத்தீனோ. பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீசியம். அதனால் பிரேசில் பொறியாளர் லத்தீனோ, பொதுவாக ஹிஸ்பானிக் ஆகமாட்டார். மறுபக்கம் லூயிஸ் ஆல்வரெஸ். பெர்க்லி கதிர்வீச்சு ஆய்வகத்தில், அணுத்துகள்கள் போன தடத்தைக் குமிழிகளாகக் காட்டும் ஹைட்ரஜன் குமிழி அறையைப் பெரிய அளவுக்கு வளர்த்தெடுத்து 1968-இல் நோபல் வாங்கியவர். அவருடைய தாத்தா ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் பகுதியிலிருந்து வந்த மருத்துவர். இவர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ என்பது பொருந்தாது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அடுத்த கட்டுரையில் மாட்டிக்கொள்வோம்.

ஆக, இனம் இல்லை, நிலம் இல்லை, பேச்சும் இல்லை. எந்த மொழியின் பண்பாட்டிலிருந்து குடும்பம் வந்தது என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது. முதலில் ‘ஸ்பானிய மொழிவழியினர்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘ஸ்பானிய மொழிவழிப் பொறியாளர்’ என்றதும் வீட்டில் கேட்ட கேள்வி: “ஏன், இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கவில்லையா?” தமிழ்வழிக் கல்வி நம் காதில் அவ்வளவு ஊறிவிட்டது. சரி, அதையும் விட்டாயிற்று.

என் பரிந்துரை: ஸ்பானிய மொழிமரபினர். மாதத்துக்கு ‘ஸ்பானிய மொழிமரபினர் மாதம்’. ஹெரிட்டேஜுக்குத் தனியாகப் பாரம்பரியம், மரபுரிமை என்று தேட வேண்டாம், மரபு உள்ளேயே வந்துவிட்டது.

மாதம் ஏன் நடுவில் தொடங்குகிறது என்று சிறுவர்கள் கட்டாயம் கேட்பார்கள், சேர்த்துவிடுங்கள். கோஸ்டாரிகா, எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிக்கராகுவா ஐந்துக்கும் செப்டம்பர் 15 விடுதலை நாள். மெக்சிகோவுக்கு 16, சிலிக்கு 18. 1968-இல் ஒரு வாரமாகத்தான் தொடங்கினார்கள், 1988-இல் மாதமாக நீட்டினார்கள்.

*

> என் பரிந்துரை: ஸ்பானிய மொழிமரபினர்

அருமையான அலசல். ஆனால் ‘மொழிமரபு’ ஏற்கெனவே பட்டா போட்ட சொல் ஆயிற்றே! தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் இரண்டாம் இயலின் பெயரே அதுதான். இலக்கணம் படித்தவர்கள் சார்பெழுத்தைத் தேடுவார்கள். அப்புறம், ‘எசுப்பானிய’ என்று எழுதினால் கிரந்தம் தவிர்க்கலாம். விக்கிப்பீடியாவிலும் அப்படித்தான் இருக்கிறது.

*

ஐயா, மொழிமரபு நூலின் ஓர் இயல், மொழிமரபினர் மக்கள். ‘இனர்’ விகுதி வந்த பிறகு அதைச் சார்பெழுத்து என்று யாரும் மயங்கமாட்டார்கள். வினைத்தொகை இலக்கணத்தில் இருப்பதால் நாம் தொகை என்று பணத்தைச் சொல்லாமல் இருக்கிறோமா?

எசுப்பானிய பற்றி எனக்கு மறுப்பில்லை. சொல்லப்போனால் அந்த நாட்டார் தங்கள் நாட்டைச் சொல்லும் ‘எஸ்பாஞா’வுக்கு அதுதான் கிட்ட வருகிறது. சிறுவர் இதழ் என்பதால் ஸ்பானிய, கலைச்சொல் பட்டியலில் எசுப்பானிய என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே. ஸ-வுக்காக இன்னொரு நாற்பது மடல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

*

நன்றி. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது:

“ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஸ்பானிய மொழிமரபினர் பலர் பணியாற்றியிருக்கிறார்கள். மெக்சிகோவில் வேதிப்பொறியியல் படித்த மாரியோ மொலினா 1980-களில் இங்கிருந்துதான் ஓசோன் படலத்தைக் குளோரின் எப்படிச் சிதைக்கிறது என்று ஆராய்ந்தார். 1995-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கொலம்பியாவில் பிறந்த அட்ரியானா ஒகாம்போ செயற்கைக்கோள் படங்களில் யுகடான் தீபகற்பத்தின் நீர்க்குழிகள் வளையமாக அமைந்திருப்பதைக் கவனித்தார். டைனோசர்கள் அழியக் காரணமான விண்கல் மோதிய சிக்சுலுப் பள்ளத்தின் விளிம்பு அது. கொலம்பியாவின் காலி நகரில் பிறந்த டயானா டிருஹியோ, 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியதை ஸ்பானிஷ் மொழியில் நேரலையாகத் தொகுத்து வழங்கினார். வேறொரு கோளில் தரையிறங்குவதை நாசா ஸ்பானிஷில் ஒளிபரப்பியது அதுவே முதல் முறை.”

விண்கல் மோதல் என்ற கருதுகோளை 1980-இல் முன்வைத்தவர்களில் நீங்கள் சொன்ன லூயிஸ் ஆல்வரெஸும் ஒருவர் என்பதால், அவரையும் அந்தப் பத்தியில் இழுத்துவிடப் போகிறேன்.

இன்னொன்று மட்டும். 1974-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சிப் பொறியாளர்கள் சிலர் தொடங்கிய சங்கத்தை ‘ஸ்பானிய மொழிமரபுப் பொறியாளர் சங்கம்’ என்று எழுதலாமா, ‘மொழிமரபினப் பொறியாளர்’ என்று ‘இன’ வரவேண்டுமா? எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. இரண்டாவதில் இனம் திரும்பவும் உள்ளே நுழைகிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.