மறுமொழி: டிரான்ஸ்ஃபர் கேஸ் – ‘மாற்றுப்பெட்டி’யா, ‘பகிர்பெட்டி’யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய டீசல் வேன் ஒன்றின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் தங்கிப் பயணம் போகிற மாதிரி ஒரு கூண்டு கட்டப் போகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக வேண்டும். வாங்கும்முன் சோதிக்க வேண்டியவற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். சேசிஸுக்கு அடிச்சட்டம், ஆக்சிலுக்கு இருசு என்று தடங்கலில்லாமல் வந்தது. மாட்டுவண்டிக்குச் சொன்ன இருசு இந்த வண்டிக்கும் அப்படியே பொருந்துவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கியர்பாக்ஸின் விசையை இரண்டு இருசுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் பேனா நின்றுவிட்டது. அதற்கு ‘பகிர்பெட்டி’ என்று இங்கே முன்மொழிந்தேன்; அதற்கு நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி சொல்கிறேன்.

> ‘மாற்றுப்பெட்டி’ போதுமே ஐயா, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் மாற்றுச்சாவி, மாற்றுச்சக்கரம் என்று பழகிய காதுக்கு அது உபரியாக வைத்திருக்கும் இன்னொரு பெட்டி என்றே படும். அல்லது கியர் மாற்றும் பெட்டி என்று நினைப்பார்கள்; அது கியர்பாக்ஸ், இதற்கு முன்னால் இருப்பது. இந்தப் பெட்டி கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை வாங்கி முன் இருசுக்கும் பின் இருசுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. ஆகவே ‘பகிர்பெட்டி’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் போல.

> பகிர் என்றாலே இப்போது கைப்பேசியில் படம் அனுப்புவதுதானே நினைவுக்கு வருகிறது?

நிலத்தையும் தண்ணீரையும் பகிர்ந்துகொண்ட சொல் அது. கைப்பேசிக்கு நேற்றுதான் வந்தது. அதற்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

> டிஃபரன்ஷியலும் பகிரத்தானே செய்கிறது?

இது நல்ல கேள்வி அம்மா, இரண்டு நாள் யோசித்தேன். டிஃபரன்ஷியல் இடது, வலது சக்கரங்களுக்கு விசையைக் கொடுக்கும்போதே, அவை வேறு வேறு வேகத்தில் சுழலவும் விடுகிறது. வேக வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பதுதான் அதன் தனித்தன்மை, பெயரும் அதிலிருந்தே வர வேண்டும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கிற வண்டிகளின் பகிர்பெட்டியில் வேக வேறுபாட்டுக்கு அப்படி இடம் கிடையாது. இணைத்துவிட்டால், பெட்டியிலிருந்து இருசுகளுக்கு விசை கொண்டுபோகும் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வளைவில் போகின்றன. சேற்றில், மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை, தண்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். கயிற்றுக்குச் சொல்கிற அதே ‘முறுக்கேற்றம்’ இதற்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பெயர் சரியாக அமைந்தால் பழைய வண்டியில் எதைப் பார்ப்பது என்பதும் தெளிவாகிறது. இரண்டு இருசுக்கும் பகிர்கிறது என்று புரிந்தவர் முதலில் டயர்களைப் பார்ப்பார். முன்னும் பின்னும் அளவோ தேய்மானமோ வேறுபட்டால், நான்கு சக்கரத்தையும் இணைத்து ஓட்டியபோது நேர்ச்சாலையில்கூட அந்த முறுக்கு ஏறியிருக்கும். அப்புறம் எண்ணெயை இறக்கி, மினுக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பார். சங்கிலியால் முன் தண்டைச் சுழற்றும் பெட்டியென்றால், சங்கிலி தொய்ந்து உறையில் உரசும் சத்தத்துக்குக் காது கொடுப்பார். இளகிய மண்ணில் நாற்சக்கர இழுப்பைப் போட்டு எடுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பல வருடம் தொடாத நெம்புகோல் துருவேறி இறுகியிருக்கலாம். அடிச்சட்டத்தின் துரு, எஞ்சின் புகை எல்லாம் எந்த வண்டிக்கும் பார்ப்பதுதான், அதற்குச் சொற்களும் இருக்கின்றன.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பழைய மிட்சுபிஷி டெலிக்கா வேனின் நாற்சக்கர வகையில் பகிர்பெட்டி உண்டு. 1980களின் ஃபோக்ஸ்வாகன் சிங்க்ரோ வேனில் தனியாக அப்படி ஒரு பெட்டியே கிடையாது. முன் இருசின் பக்கம் இருக்கும், கெட்டியான திரவத்தின் வழியே விசையைக் கடத்தும் பிசுக்குமை இணைப்பிதான் (விஸ்கஸ் கப்ளிங்) முன்சக்கரங்களுக்கு விசையைக் கடத்துகிறது. நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக எல்லா வண்டிக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது.

சரி, மாற்றுக்கருத்து வராவிட்டால் என் குறிப்பில் பகிர்பெட்டி என்றே எழுதிவிடுவேன். அந்தப் பெட்டியிலேயே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ‘லோ’ நிலைக்கு ‘தாழ்கதி’ என்று யோசித்தேன், மனம் நிறையவில்லை. இழுவை கூடுவதை முன்னால் காட்டுகிற சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.