மைத்லாஸ் உரிமம் இருக்கிறது, ஆனால் வாங்குபவர் கேட்பது வேறு

கிள்ளான் கிராணி எழுதியது:

வணக்கம். கிள்ளானில் ஒரு மர ஆலையில் கிராணியாக இருக்கிறேன். 19 வருடமாக ஒரே மேசை. கஸ்டம்ஸ் பாரம், இன்வாய்ஸ், மலேசிய மரத்தொழில் வாரியத்தின் மைத்லாஸ் உரிமம் (மரம் சட்டப்படி வெட்டியது என்ற அத்தாட்சி) எல்லாம் என் கையைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போகும். சிவப்பு மெராந்தியைச் சீவி, ஒட்டி, ஜன்னல் சட்டத்துக்கான கட்டையாக நெதர்லாந்துக்கு அனுப்புகிறோம்.

போன வாரம் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல். மூன்று கேள்விகள். மரம் எந்தக் காட்டில் எந்த கம்பார்ட்மெண்டிலிருந்து (வனத்துறை நம்பர் போட்டுப் பிரித்த பகுதி) வந்தது, வரைபடத்தில் காட்டுங்கள். அங்கே மக்கள் இருக்கிறார்களா? இருந்தால், வெட்டுவதற்கு அவர்கள் சம்மதித்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? முதலாளியிடம் காட்டினேன். "மைத்லாஸ் நம்பரைப் போட்டு அனுப்பு, போதும்" என்றார். அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது: நன்றி, நாங்கள் கேட்டதற்கு இதில் விடை இல்லை.

என் அப்பா கிளந்தான் மாநிலத்தில் குவா மூசாங் பக்கம் பாலாக் லோரி, அதாவது காட்டு மரம் ஏற்றும் லோரி, ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் ஒரு தடவை நானும் முன்சீட்டில் போனேன். செம்மண் பாதையில் ஒரு தெமியார் (அங்குள்ள பூர்வகுடி) பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். சிகரெட் வாங்கிக்கொண்டு, எதிரே இருந்த மேட்டைக் காட்டி, அந்த டுரியானும் பெத்தாயும் தன் தாத்தா வைத்தது என்றார். அப்பா பதிலுக்கு வனத்துறை பாஸை எடுத்து நீட்டினார். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். லோரி கிளம்பிவிட்டது. இந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து அதுதான் நினைவில் ஓடுகிறது.

இந்தோனேசிய மரம் ஐரோப்பாவுக்கு நேரடி உரிமத்தோடு போகிறதாம். நமக்கு ஏன் அது இல்லை? அந்த மூன்றாவது கேள்விக்கு மைத்லாஸில் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குவாந்தான் கிரேடர் (ஓய்வு):

தங்கச்சி, நான் மரம் தரம் பிரித்தே காலம் கழித்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன். திருட்டு மரத்தைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஒரு திட்டம் போட்டது. அதன்படி மரம் விற்கும் நாடு அவர்களோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்த நாட்டுக்குத்தான் ஃப்ளெக்ட் உரிமம், நீங்கள் கேட்ட அந்த நேரடி உரிமம். இந்தோனேசியா 2013-இல் கையெழுத்துப் போட்டது, 2016 நவம்பர் 15-இல் முதல் உரிமம் கொடுத்தது. நாமோ 2007-இலேயே பேச உட்கார்ந்தவர்கள். முடியவில்லை. நிலமும் காடும் மாநிலத்தின் கையில், கோலாலம்பூர் போட்ட கையெழுத்து சரவாக்கைக் கட்டுப்படுத்துமா என்ற இழுபறி. பூர்வகுடி அமைப்புகளும் தங்கள் நிலப் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்று ஆலோசனையிலிருந்து எழுந்து போய்விட்டன.

அதற்குள் ஐரோப்பாவின் மரச் சட்டம் 2013 மார்ச் 3 முதல் அமல் என்று வந்தது. நாம் அவசர அவசரமாக பிப்ரவரி 1-ஆம் தேதியே தீபகற்பத்துக்கு மைத்லாஸைக் கொண்டுவந்தோம். கல்யாணம் நடக்கவில்லை, தாலியை மட்டும் நாமே செய்து போட்டுக்கொண்டோம்!

அதில் ஆறு கோட்பாடுகள் உண்டு. நாலாவது "பிறர் பயன்பாட்டு உரிமைகள்". உங்கள் மூன்றாவது கேள்வி அங்கேதான் வரும். ஆனால் நான் பார்த்த தணிக்கைகளில் ராயல்டி ரசீது, கட்டையில் சுத்தியல் முத்திரை, மில் கணக்கு இவற்றுக்கே பொழுது போய்விடும். நாலாவதுக்கு வரும்போது ஒரே ஒரு கேள்வி: அந்த இடத்தில் அரசிதழில் அறிவித்த ஒராங் அஸ்லி (தீபகற்பப் பூர்வகுடிகள்) நிலம் உண்டா? இல்லை என்றால் டிக். டீ குடிக்கப் போவோம்.

சட்டக் கோப்பு:

அண்ணன் சொன்ன அந்த டிக்கில்தான் விஷயம் இருக்கிறது, அக்கா. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1954-ஆம் வருட பூர்வகுடி மக்கள் சட்டப்படி, ஒரு நிலத்தை ஒராங் அஸ்லி ஒதுக்கீடாக அறிவிப்பது மாநில அரசு. அறிவித்ததைத் திரும்ப எடுப்பதும் அதே அரசு. அறிவிக்காமலே காலத்தை ஓட்டினாலும் கேட்பாரில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கம்பத்தில் (கிராமத்தில்) இருப்பவர்கள் கோப்பில் "அரசு நிலத்தில் இருப்பவர்கள்" ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் நீதிமன்றம் வேறு பாதையில் போயிருக்கிறது. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக சிலாங்கூரில் தெமுவான் என்ற ஒராங் அஸ்லி மக்களிடமிருந்து 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. சாகோங் தாசி வழக்கு. 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பும் சொன்னது இதுதான்: வழக்காற்று உரிமை, அதாவது முன்னோர் வழக்கப்படி வரும் உரிமை, நிலத்தின் மேலேயே உள்ள உரிமை. அரசிதழில் போடத் தவறியது அரசின் குற்றம், அதைக் காட்டி மக்களைக் கைகழுவ முடியாது. அப்படியானால் உங்கள் மேசையில் இருக்கும் "சட்டப்படி வெட்டிய மரம்" எந்தச் சட்டப்படி? வனத்துறைக் கோப்பில் ஒன்று, தீர்ப்புத் தொகுப்பில் இன்னொன்று. 2019 ஜனவரியில் மத்திய அரசே தெமியார் மக்களின் நில உரிமைக்காகக் கிளந்தான் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டது நினைவிருக்கும்.

டச்சுக்காரர் ஏன் இப்போது கேட்கிறார் என்றால், ஐரோப்பாவின் புதிய காடழிப்புச் சட்டம். 2023-இல் வந்தது, அமல் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அழித்த காட்டின் சரக்கு கூடாது, வெட்டிய இடத்தின் ஆயத்தொலைவு வேண்டும். "சட்டப்படி" என்பதற்கு அது கொடுக்கும் விளக்கத்தில் நில உரிமையும் பூர்வகுடிகளின் முன்சம்மதமும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஃப்ளெக்ட் உரிமம் இருந்தாலும் அது சட்டபூர்வத்துக்கு மட்டும்தான் அத்தாட்சி. ஆகவே இந்தோனேசியாக்காரரும் வரைபடம் கொடுத்தே ஆக வேண்டும். அங்கேயும் கதை அப்படி ஒன்றும் சுபம் இல்லை. வழக்காற்றுக் காடு அரசுக் காடு அல்ல என்று அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் 2013 மே மாதம் சொன்னது. முதல் ஒன்பது சமூகங்களுக்கு அந்த அங்கீகாரம் கையில் கிடைத்தது 2016 டிசம்பர் 30-இல். மரத்துக்கு உரிமம் அதற்கு ஆறு வாரம் முன்பே கிடைத்துவிட்டது.

ஜொகூர் மணி:

எல்லாம் சரி. ஐரோப்பாக்காரன் தன் காட்டை எப்போதோ வெட்டித் தின்றுவிட்டு இப்போது நமக்குப் பாடம் எடுக்கிறான். நம் ஆட்கள் மூன்று தலைமுறை தோட்டத்தில் இருந்தும் கிராண்ட் (நிலப் பட்டா) இல்லாமல் சட்டி பானையோடு வெளியே வந்தார்களே, அப்போது எவன் மின்னஞ்சல் போட்டான்?

மிரி வாத்தியார்:

மணி, யாரும் போடவில்லைதான். போட்டிருந்தால் உங்கள் லயத்தில் யாராவது வேண்டாம் என்று சொல்லியிருப்பார்களா?

சரவாக்கில் இருப்பதால் எங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று. இங்கே கணக்கு 1958 ஜனவரி 1. அதற்கு முன்பே காட்டைத் திருத்திப் பயிர் செய்த நிலம்தான் வழக்காற்று நிலம். இங்குள்ள பூர்வகுடிகளான இபான் மக்கள் பயிரிட்டு ஆறப்போட்ட நிலத்தைத் தெமுடா என்பார்கள். வேட்டைக்கும் வீட்டு மரத்துக்கும் என்று வெட்டாமல் வைக்கும் பொதுக் காடு பூலாவ் காலாவ். இரண்டையும் சேர்த்து ஊர் எல்லை முழுவதும் பெமாக்காய் மெனோவா. 2016 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் கடைசி இரண்டுக்கும் சட்டவலு இல்லை என்றுவிட்டது. வெட்டியவனுக்கு உரிமை உண்டு, காட்டைக் காட்டாகவே காத்தவனுக்கு இல்லை! 2018-இல் நிலச் சட்டத்தைத் திருத்தி ஊர் எல்லைக்கு இடம் கொடுத்தார்கள், 1,000 ஹெக்டேர் உச்சவரம்போடு.

1958-க்கு முன் எடுத்த விமானப் படத்தில் தங்கள் தாத்தாவின் நெல் வயல் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே நிலவழக்கு. என் மாணவன் ஒருவனின் வீட்டில் அப்படி ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, குடும்பப் படத்துக்குப் பக்கத்தில்.

கிள்ளான் கிராணி:

எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணே, எங்கள் லயத்தை இடித்தபோது எனக்கு எட்டு வயது. அதனால்தான் இந்த மின்னஞ்சலை மூட முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டை விற்ற சாமில்லுக்குப் போன் போட்டேன். இரண்டு நாள் இழுத்துவிட்டு கம்பார்ட்மெண்ட் நம்பர் கொடுத்தார்கள். கிளந்தான்தான். அப்பாவிடம் இடத்தைச் சொன்னேன். அவருக்கு வயது 78, காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், பாலாக் பாதை மறக்கவில்லை. எந்த ஆற்றைத் தாண்டினால் எத்தனை வீடு என்று விரலை மடக்கிச் சொன்னார். முன்பு இரண்டு கம்பங்கள் இருந்தனவாம்.

டச்சுக்காரருக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ஒன்று, வரைபடம் இணைப்பில். இரண்டு, ஆம், மக்கள் இருக்கிறார்கள் என்று அறிகிறோம். மூன்று, சம்மதம் கேட்டதற்கான காகிதம் எங்களிடம் இல்லை. முதலாளி மூன்றாவது வரியை எடுத்துவிடச் சொல்கிறார். எடுத்தால் இரண்டாவது வரி பல்லை இளிக்கும் என்றேன். யோசிக்கிறேன் என்று போனார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும்.

அந்த இரண்டு கம்பங்களும் இன்னும் அங்கேயே இருக்கின்றனவா என்று பார்க்க ஒராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையில் யாரைக் கேட்கலாம்? பேசிப் பழக்கம் உள்ளவர்கள் தனிமடலில் சொல்லுங்கள்.