சிலையைப் பார்க்கச் சொல்லித்தர ஒரு பீரியட் வேண்டுமா?

அரசலாறு: கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். முக்கால் மணி நேரம், அதில் பாதி போட்டோ எடுப்பதிலேயே போய்விட்டது. திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் மட்டும் ஒரு பெண் நின்றுவிட்டாள். காளை மேல் கை ஊன்றி நிற்கும் சிவன், 1011-இல் செய்த செப்புத் திருமேனி. சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, கால் மாற்றி ஒய்யாரமாக நிற்கிறார், ஒரு கை அந்தரத்தில். "சார், மாடு எங்க?" என்றாள். மாடு இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தே, மாடு இவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று அவளே காட்டினாள். இதற்குத்தான் வாரம் ஒரு பீரியட் கேட்கிறேன், வரைய அல்ல, பார்க்க. கேட்டால் சிரிக்கிறார்கள்.

கணக்குப்புலி: சார், கோபப்படாதீர்கள். இருக்கிற ஓவியப் பீரியடையே பரீட்சை நெருங்கினால் நாங்கள்தான் வாங்கிக்கொள்கிறோம், நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. நீங்கள் கேட்பது கிடைத்தால் அடுத்த வருஷமே அதற்கு நோட்ஸ் வரும், 'ரிஷபவாகனர் சிலையின் சிறப்புகள் ஐந்து கூறுக' என்று வினா வரும், மாடு எங்கே என்று கேட்ட அதே பெண் அதை மனப்பாடம் பண்ணி ஐந்துக்கு ஐந்து வாங்கிவிட்டு மறந்துபோவாள். கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு யார் பீரியட் போட்டார்கள்?

வண்டல்: சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அழகைப் பற்றி அப்பா எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை, தென்னை ஓலையைக் கையில் கொடுத்து மடி என்றார். சிலை உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் தாளம், அதாவது எங்கள் சிலை அளவு, பிரித்தால் முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று வந்துவிடும். வார்ப்பதற்கு முன் செய்யும் மெழுகு உருவத்தில் மூக்கு கொஞ்சம் தடித்தால் மட்டும் அவருக்கு ஓலையே வேண்டாம், வாசலில் இருந்தே சொல்லிவிடுவார். அப்புறம் தவில் என்றீர்களே சார், இப்போது எந்தப் பிள்ளை நின்று கேட்கிறது?

அரசலாறு: மார்க்கே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பெரிய கோயில் உட்சுற்றில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு தீட்டிவிட்டார்கள், அடியில் இருப்பது 1931-இல்தான் தெரிய வந்தது. மேலே இருப்பதை வைத்துக்கொள்வதா, அடியில் இருப்பதையா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அதற்கு என்ன நோட்ஸ் போடுவார்கள்?

கணக்குப்புலி: அந்தச் சுற்றுக்குள் பொதுமக்களையே விடுவதில்லை, படம்தான் காட்டுவீர்கள். மார்க் இல்லாத பாடம் என்றால் அந்தப் பீரியடை முதலில் கேட்டு வரப்போவதும் நான்தான். வண்டல் அண்ணே, அந்த ஓலையோடு ஒரு நாள் என் வகுப்புக்கு வாருங்களேன், விகிதம் நடத்தலாம். ரசனைக்கு இல்லை, கணக்குக்கு.

வண்டல்: வருகிறேன். ஆனால் மெழுகில் மூக்கு தடித்த ஒரு முகத்தையும் கொண்டுவருவேன். ஓலை வைத்து அளந்தால் சரியாகத்தான் இருக்கும். என்ன தப்பு என்று பிள்ளைகள் சொல்லட்டும், உங்கள் பீரியடிலேயே.