ஏழு ஆண்டுகள் நின்ற புல்லட்டின் டேங்க்: துருவை வீட்டிலேயே எடுத்து உள்பூச்சுக் கொடுக்கலாமா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். என் தந்தையார் 1988ஆம் ஆண்டு வாங்கிய புல்லட் 350, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஏழு ஆண்டுகளாக ஓடாமல் நின்றது. அவர் மறைந்த பிறகு அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. இந்தத் தை மாதம் அதை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்து டேங்க் மூடியைத் திறந்தபோது, பெட்ரோல் வாடைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் போன்ற காட்டமான வாடைதான் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததில், பெட்ரோல் நின்றிருந்த மட்டத்துக்கு மேலே இருந்த பகுதி முழுவதும் செங்கல் நிறத்தில் துருவேறியிருந்தது. கீழே பழுப்பு நிறத்தில் பிசின் படிந்திருந்தது. டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’கைக் கழற்றினால், அதன் வலையே தெரியாத அளவுக்குத் தேயிலைத்தூள் போன்ற துகள்கள் அப்பியிருந்தன.

இங்கே ஒரு பட்டறையில், கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றிக் குலுக்கினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். இன்னொருவர் புது டேங்க் வாங்கிப் போடச் சொன்னார். மாற்ற எனக்கு விருப்பமில்லை. அதன் பக்கங்களில் உள்ள பொன்னிறக் கோடுகள் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கப்பட்டவை. தந்தையாரின் முழங்கால் உரசி மங்கிய இடம்கூட அப்படியே இருக்கிறது. ஆகவே வெளி வண்ணம் கெடாமல் உள்ளே உள்ள துருவை எடுக்க எந்த அமிலம் ஏற்றது, எடுத்த பிறகு கடைகளில் கிடைக்கும் எப்பாக்சி உள்பூச்சு கட்டாயம் தேவையா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பட்டறைவாசல்

தம்பிக்கு வணக்கம். கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழைய டேங்குகள் பலவற்றைக் கழுவியிருக்கிறேன். சிலவற்றைக் கெடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

டேங்கைக் காலி செய்வதிலேயே கவனம் தொடங்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். தாழ்வாரத்தில் வைத்து ஊற்றினால் வாசற்படி தாண்டிப் பூஜை விளக்கையோ அடுப்பையோ எட்டிவிடும். வெட்டவெளியில், அருகில் கொசுவர்த்திச் சுருள்கூட இல்லாத இடத்தில் வடியுங்கள். வடித்ததைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். டப்பாவில் அடைத்துப் பட்டறையில் கொடுத்தால் உதிரிப்பாகங்களைக் கழுவ எடுத்துக்கொள்வார்கள்.

புல்லட் டேங்க், சட்டத்தின் மேல் குழாயைக் கவ்வி உட்காரும் சேண வடிவம் கொண்டது. அதன் அடியில் தனித்தனியாக இரண்டு குழிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காக் உள்ள குழி மட்டுமே முழுவதும் வடியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால், காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துச் சொட்டும் நீர் அடிக்கு இறங்கி, மறுபக்கக் குழியில் வெளியேற வழியில்லாமல் பல ஆண்டுகள் கிடக்கும். ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பற்றவைப்பு விளிம்பில்தான் விழும். எந்த நிலையிலும் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூடி வாய் வழியாகவே வடியுங்கள்.

கழிவறை ஆசிட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அது துருவோடு நிற்காமல் நல்ல இரும்பையும் தின்னும். எத்தனை முறை கழுவினாலும் அதன் குளோரைடு விளிம்பு மடிப்புக்குள் தங்கி, ஈரம் பட்டவுடன் புதிய துருவைக் கிளப்பும். வெளியே சொட்டினால் உங்கள் பொன்னிறக் கோடுகளும் போய்விடும்.

சிட்ரிக் அமிலம் போதும். எலுமிச்சை உப்பு என்றும் சொல்வார்கள், தூளாகவே கிடைக்கும். ஆனால் அமிலம் பிசினைக் கரைக்காது. பிசின் மூடிய இடத்தில் துருவை எட்டவும் எட்டாது. ஆகவே காக்கைக் கழற்றி, அந்தத் துளையை ரப்பர் வாஷரும் போல்ட்டும் வைத்து அடைத்துவிட்டு, அரை லிட்டர் தின்னரை ஊற்றி, அவ்வப்போது திருப்பி வைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் அதை வடித்துவிட்டு, ஆவி போகும்வரை வெளியில் திறந்து வைத்திருந்து, சலவைச் சோடாவும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் கரைத்த வெந்நீரால் இரண்டு முறை கழுவுங்கள். உள்ளே ஊற்றிய தண்ணீர் எண்ணெய்த் திட்டுப்போல் ஒதுங்காமல் தகட்டோடு ஒட்டிப் பரவினால் பிசின் போய்விட்டது என்று பொருள்.

உதிரும் துருவைத் தட்டி எடுக்கச் சிறு நட்டுகள் நல்லவை. கூரான திருகாணிகள் வேண்டாம்; அவை மெலிந்த தகட்டைக் குத்தும். ஐம்பது நட்டுகளை எண்ணிப் போட்டு, டேங்கைப் பழைய போர்வையில் சுற்றி எல்லாப் பக்கமும் புரட்டிய பின் ஐம்பதையும் எண்ணி எடுங்கள். ஒன்று குறைந்தாலும் விடாதீர்கள்.

லிட்டருக்கு 70 கிராம் வீதம் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து, டேங்க் வாய்வரை ததும்ப நிரப்புங்கள். உங்கள் டேங்குக்கு ஒரு கிலோ வேண்டியிருக்கும். வாயைச் சுற்றி உள்ள வண்ணத்தின் மேல் கிரீஸ் தடவி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டுங்கள். மூடியை இறுக்காதீர்கள்; உள்ளே வாயு உண்டாகும், அதில் எரியக்கூடிய ஹைட்ரஜனும் சிறிது இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தகடு மங்கிய சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தால் போதும். ஒரு நாளுக்கு மேல் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

வேலை தோற்பது இதற்கு அடுத்த அரை மணி நேரத்தில்தான். அமிலத்தை வடித்த வெற்று இரும்பு, நம் கண் முன்னே சில நிமிடங்களில் மஞ்சள் பூக்கத் தொடங்கும். எனவே கரைசலை வடிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அருகில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறியுங்கள். பொங்கும், ஆகவே மூடாமல் குலுக்க வேண்டும். அடுத்துக் கொதிக்கும் நிலையில் உள்ள நீரை ஊற்றி, தகடே சூடேறும்வரை வைத்திருந்து சட்டென்று கவிழ்த்தால், அந்தச் சூட்டிலேயே பெரும்பகுதி ஈரம் ஆவியாகிவிடும். எஞ்சியதைக் காற்றூதியால் விரட்டுங்கள். ஸ்பிரிட் விட்டு அலசுபவர்கள் உண்டு. அலசியபின் ஹேர் டிரையர் போன்ற சூடான மின்கருவி எதையும் அதன் வாயில் காட்டக் கூடாது.

பூச்சைப் பற்றிக் கேட்டீர்கள். ஓட்டை இல்லாத டேங்குக்குப் பூச்சு தேவையில்லை என்பது என் முடிவு. அடிக்கடி ஓடும் வண்டியில் பெட்ரோலே தகட்டை நனைத்துக் காக்கும்.

மறுமொழி: உப்புக்காற்று

பெரியவர் சொன்ன முறையில் எனக்கு மாறுபாடு இல்லை; முடிவில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். நாகர்கோவிலில் கடற்காற்று படும் இடத்தில் வசிப்பவன் நான். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். மாதம் இருமுறை மட்டுமே எடுக்கும் வண்டிக்கு வெற்றுத் தகடு போதாது என்று நினைக்கிறேன்.

ஆனால் பூச்சு என்றால் எதுவும் ஆகும் என்று எண்ணிவிடாதீர்கள். என் முதல் டேங்கில், அமிலம் கழுவிய மறுநாளே, விளிம்பு மடிப்பில் ஈரம் இருப்பதை அறியாமல் பூச்சை ஊற்றினேன். டப்பாவில் எத்தனாலைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் அது முட்டைத் தோலைப் போல உரிந்து வந்தது. ஆரல்வாய்மொழியைத் தாண்டிய வெட்டவெளியில் வண்டி நின்றபோது, கார்புரேட்டர் ஜெட்டில் பூச்சுத் துண்டு அடைத்திருந்தது. உரிந்த பூச்சை முழுவதும் கரைத்து எடுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. துருவை எடுக்க இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டாம் முறை இருபாகக் கலவையாக வரும் எப்பாக்சியை, டேங்கை மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகு ஊற்றினேன். அது இறுகத் தொடங்கும்வரை டேங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்து, மிகுதியை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடிக்குழியில் கட்டியாகத் தேங்கும். காக் துளையில் கிரீஸ் தடவிய போல்ட்டைப் போட்டு வைத்தால் மரை அடைபடாது.

துருவை எடுக்க நான் மின்பகுப்பு முறையைக் கையாண்டேன். சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை டேங்கிலும், நேர்முனையை நடுவில் தகட்டைத் தொடாமல் தொங்கும் கட்டுமானக் கம்பியிலும் இணைத்தால், துரு தளர்ந்து கரும்பொடியாக உதிரும். நல்ல இரும்பு கரையாது என்பது இதன் பெரிய நன்மை. எவர்சில்வர்க் கம்பியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதில் உள்ள குரோமியம் நச்சுத்தன்மை கொண்ட சேர்மமாக நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதிலாக உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும்.

மறுமொழி: பட்டறைவாசல்

கடற்கரைக்காரர் சொல்வது அவர் ஊருக்குப் பொருந்தும், ஏற்றுக்கொள்கிறேன். மின்பகுப்பும் நல்ல முறைதான். ஆயினும் கம்பிக்கு நேர்எதிரே உள்ள தகட்டில்தான் அது நன்றாக வேலை செய்யும். சேண வடிவ டேங்கில் குழாய்ப் பள்ளத்துக்குப் பின்னால் மறைந்த பகுதியை எட்டாது. நீர்மம் எங்கும் புகும் என்பதாலேயே புல்லட்டுக்கு அமிலத்தைச் சொன்னேன்.

தம்பி, பூச்சா வேண்டாமா என்பதை ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். சுண்ணக்கட்டித் தூளை நீரில் குழைத்து டேங்கின் அடிப்பக்க விளிம்பு நெடுகப் பூசி உலரவிட்டு, உள்ளே சிறிது மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல், ஊற்றி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தாலும் வெள்ளையில் எண்ணெய்ப் பொட்டு விழும். இதைத் துரு எடுத்த பிறகே செய்ய வேண்டும். பல டேங்குகளில் ஓட்டையை அடைத்து நிற்பது துருதான்.

துளை இருந்தால் பித்தளை வைத்துப் பற்றவைப்பதே நிலையான வழி. பூச்சுக் கொடுத்த பிறகு அதைச் செய்ய முடியாது, சூட்டில் பூச்சு கருகிவிடும். அந்த வேலையை வீட்டில் முயலவே முயலாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே அது வெடிக்கும். பழக்கமுள்ளவர்கள் துளைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் தீயைக் காட்டுவார்கள்.

மறுமொழி: காவிரிக்கரை

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னபடியே மறுபக்கக் குழியிலிருந்து ஒரு தேநீர்க் குவளை அளவுக்குக் கறுத்த நீர் வந்தது. நட்டுகளில் நாற்பத்தொன்பதுதான் வெளியே வந்தன. கடைசி ஒன்றைக் கம்பியில் கட்டிய காந்தத்தைக் கொண்டு எடுக்க அரை நாள் ஆயிற்று. சிட்ரிக் அமிலத்தில் பதினெட்டு மணி நேரம் ஊறிய பிறகு உட்பக்கம் முழுவதும் சாம்பல் நிறமானது. வாயின் ஓரத்தில் கிரீஸ் தடவாமல் விட்ட விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் வண்ணம் வெளுத்துவிட்டது. கோடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுண்ணக்கட்டிச் சோதனையில், நீர் நின்ற அதே பக்கத்து விளிம்பில் இரண்டு பொட்டுகள் விழுந்தன. தஞ்சாவூரில் கேஸ் வெல்டிங் செய்யும் ஒருவர் தண்ணீர் நிரப்பி வைத்துப் பித்தளையால் அடைத்துத் தந்தார். பற்றவைத்த இடத்தில் உள்ளே மீண்டும் சிறிது துருவேறியதால் இரண்டு மணி நேரம் அமிலத்தில் ஊறவைத்து, முறித்து, வெந்நீர் விட்டு உலர்த்தினேன். நான் வாரந்தோறும் ஓட்டப்போகிறேன் என்பதால் பூச்சுக் கொடுக்கவில்லை. 200 மில்லி எஞ்சின் ஆயிலை ஒரு லிட்டர் பெட்ரோலில் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி புரட்டி, அதை வடித்த பிறகு புது பெட்ரோலை முழுவதும் நிரப்பினேன். காக்கின் வலையையும் வாஷர்களையும் மாற்றி, ஹோஸின் நடுவே ஒரு வடிகட்டியையும் போட்டேன். முதல் வாரம் அதில் சிறிது பழுப்புத் தூள் சேர்ந்தது; பிறகு வந்த பெட்ரோல் தெளிவாகவே இருக்கிறது.

ஒன்று மட்டும் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. வண்டி பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சடைத்ததுபோல் நின்றது. மூடியைத் திறந்து மூடினால் மறுபடி கிளம்பியது. டேங்கை இவ்வளவு கழுவிய நான் மூடியைக் கவனிக்கவில்லை. அதன் காற்றுத்துளையைத் துரு அடைத்திருந்ததால் உள்ளே காற்றுப் புகாமல் பெட்ரோல் இறங்க மறுத்திருக்கிறது. ஊசியால் துளையைத் திறந்து மூடியின் ரப்பரையும் மாற்றினேன். நேற்று மாலை அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துச் சுவாமிமலை வரை நிற்காமல் போய்வந்தோம்.