வேறு கிரகத்தில் மீன் இருக்குமா? பையனுக்கு என்ன சொல்ல?

காசிமேடு அம்மா:
பையன் மூன்றாவது படிக்கிறான். அவன் அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர் என்பதால் எந்தக் கேள்வியும் கடைசியில் மீனில்தான் வந்து நிற்கும். நேற்று மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, "வேற கிரகத்துல கடல் இருக்காம்மா, மீன் இருக்கா, யார் போய் வலை போட்டுப் பாத்தாங்க?" என்றான். தூங்குடா என்று அதட்டிவிட்டேன். இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடியும் அதே கேள்வி. அவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

தண்டையார்பேட்டை டியூஷன் அக்கா:
கடல் இருக்கிறதும்மா, தைரியமாகச் சொல்லுங்கள். சனிக்கு என்செலடஸ் என்று ஒரு நிலா, குறுக்களவு 500 கிலோமீட்டர்தான், இங்கிருந்து மதுரை தாண்டிக் கொஞ்ச தூரம். மேலே முழுக்க ஐஸ், அடியில் உப்புத் தண்ணீர். ஒரு வகையில் வலையும் போட்டாயிற்று: ஐஸ் வெடிப்பு வழியாக அந்தத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதை 2005இல் காசினி விண்கலம் பார்த்தது, அப்புறம் அதற்குள்ளேயே பறந்துபோய்ச் சோதித்தது. உப்பு, ஹைட்ரஜன், கார்பன் சேர்ந்த பொருட்கள் சிக்கின. உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற கருவி அதில் இல்லை.

எண்ணூர்க்காரன்:
அக்கா சொன்னது சரி. ஆனால் வெயிலே படாத இடத்தில் எப்படி உயிர் இருக்கும் என்று பையன் மடக்குவான். 1977இல் கலாபகோஸ் தீவுகள் பக்கம் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் கூட்டமாக வாழ்வதைப் பார்த்தார்கள். அங்கே வெயில் எட்டாது. அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுவை வைத்துப் பிழைக்கிற பாக்டீரியாதான் அவற்றுக்குச் சோறு.

மீன் என்பது கொஞ்சம் பேராசைதான். பூமியிலேயே உயிர் தோன்றி 350 கோடி வருடம் ஆகிறது, மீன் வந்தது சுமார் 50 கோடி வருடம் முன்னால்தான், அதனால் முதலில் கிருமியைத்தான் தேடுகிறார்கள். செவ்வாயில் 2021இல் இறங்கின பெர்சிவரன்ஸ் வண்டி, ஒரு காலத்தில் ஆறு வந்து ஏரியில் விழுந்த இடத்தைத்தான் துளைத்துப் பார்த்தது. ஏன் அங்கே என்று கேட்டால் எங்கள் முகத்துவாரத்துக்குக் கூட்டி வந்து சேற்றைக் காட்டுங்கள், ஆறு எதை இழுத்து வந்தாலும் அங்கேதான் படிந்து கிடக்கும். (எங்கள் சேற்றில் சாம்பலும் கிடக்கும், அது வேறு கதை.)

காசிமேடு அம்மா:
சொல்லிவிட்டேன். "அப்ப ஐஸ்லேயே இருக்கா, மீன் கெட்டே போகாதும்மா" என்கிறான். இப்போது அவன் அப்பா ஐஸ் எவ்வளவு கனம் என்று கேட்கிறார்.

எண்ணூர்க்காரன்:
இடத்துக்கு இடம் மாறும், ஆனால் கிலோமீட்டர் கணக்கு. கடப்பாரை பத்தாது அண்ணே.