'ரன்' என்ற சொல்லைக் கற்பிக்க உதவுங்கள்

வணக்கம். வியாசர்பாடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். 'ரன்' என்றால் ஓடுவது என்று அவர்களுக்குத் தெரியும். சேப்பாக்கத்தில் எடுக்கும் ரன்னும் தெரியும். ஆனால் 'மை ஃபாதர் ரன்ஸ் எ டீ ஷாப்' என்ற வரிக்கு, 'அப்பா டீக்கடைக்கு ஓடுகிறார்' என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். அவள் அப்பா டீக்கடை நடத்துபவர்தான்! மூக்கு ஒழுகுவதற்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் தேர்தலில் நிற்பதற்கும்கூட இதே சொல். "நிற்பதை ஏன் ஓடுவது என்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு 645 பொருள்கள் தருகிறது. அன்றாடம் புழங்குபவை எங்களுக்குப் போதும். மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படங்களுடன் கூடிய பயிற்சித்தாள் இருந்தால் அனுப்புங்கள். இதை வகுப்பில் நடத்திய ஆசிரியர்கள், எந்தப் பொருளிலிருந்து தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.